கடல்கதையின் கடைசித் தாள்

பிப்ரவரி 9, திங்கள்

மாசி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இந்த வெயில். ஒன்பது மணிக்கே மொட்டை மாடி கால் வைக்க முடியாமல் கொதிக்கிறது.

வாசகர் வட்டச் செயலாளரிடமிருந்து தொ.பே. அழைப்பு. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அழைப்பிதழில் பிழை இல்லாமல் அச்சடிப்பவர் இந்த நாமக்கல்லில் அவர் ஒருவர்தான். அதனால் அவருடைய நீண்ட முகவுரைகளைப் பொறுத்துக்கொள்கிறேன். 22ஆம் தேதி, ஞாயிறு, மா. 5 மணி, நூலக மாடியில் கூட்டம். தலைப்பு: என்னை வாசகராக்கிய முதல் புத்தகம். எனக்குப் பத்து நிமிடம்.

“நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் நாவலுங்களப் பத்தி நாலு வார்த்தை சொன்னீங்கன்னா எங்களுக்கெல்லாம் ஒரு இதுங்கம்மா.”

ஒரு இது! சரி என்றேன்.

செய்ய:
– மூக்குக் கண்ணாடியின் இடது காது தளர்வு. சரிபார்க்க.
– வெள்ளை ரவிக்கை, கொக்கி இரண்டு.
– ரத்த அழுத்த மாத்திரை வியாழன் வரைதான்.
– புத்தக அலமாரி. பூச்சி. இந்த வாரமே.

இரவு ஒரு தோசை. மாவு மூன்று நாளாக அதே பாத்திரத்தில். ஒரு ஆளுக்கு மாவு ஆட்டும் அளவு இன்னும் கைக்கு வரவில்லை. அவர் போய் ஆறு வருடம்.


பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில். மின்சாரம் 10 முதல் 12 வரை இல்லை.

பேச்சுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். என்னிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. நாற்பது வருடமாகச் சொல்லி வருவது. சேலம் கான்வென்ட், கண்ணாடி அலமாரி, தோல் அட்டை போட்ட ஆங்கில நாவல்கள், வாரத்துக்கு ஒன்று. தையல் வகுப்பில் நாங்கள் தலை குனிந்து ஊசி கோக்க, சிஸ்டர் உரக்கப் படிப்பார். நிறுத்தற்குறி வரும் இடத்தில் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. இன்றும் நான் காற்புள்ளியில் மூச்சு விடுவது அவரால்தான்.

இதில் பொய் இல்லை. ஆனால் இது முதல் அல்ல.

உண்மையான வரிசை:
1. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையிலிருந்து வரும் பொட்டலக் காகிதம். பருப்பைக் கொட்டிவிட்டுப் படிப்பேன். பாதிச் செய்தி, பாதி விளம்பரம். மீதியை நானே முடித்துக்கொள்வேன்.
2. அம்மாவின் வாரப் பத்திரிகை. அதில் வந்த கடல்கதை.
3. பிறகுதான் கண்ணாடி அலமாரி.

கடல்கதைக்கு வேறு பெயர் இருந்தது. பைண்டு செய்த புத்தகத்தில் முதல் தாளைப் பூச்சி தின்றுவிட்டது. நாங்கள் அன்றும் கடல்கதை என்றே சொன்னோம். எழுதியவரின் பெயர் புனைபெயர். ஆணா பெண்ணா என்றுகூட இன்றுவரை தெரியாது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள் வேதவல்லி. எண்ணெய் வாளியைத் தூக்கிக்கொண்டு நூற்று நாற்பது படி ஏறுவாள். நான் கடலை முதன்முதலாகப் பார்த்தது கல்யாணமாகி அவர் அழைத்துப் போனபோதுதான். அவர் “எப்படி?” என்றார். “உப்பு வாசனை இன்னும் கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன்” என்றேன். பன்னிரண்டு வயதிலேயே எனக்கு அந்தக் கடல் தெரியும்.

அதைச் சொல்லலாமா? பத்திரிகைத் தொடர்கதை. செயலாளருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஆங்கில நாவல்தான்.


பிப்ரவரி 12, வியாழன்

மாத்திரை வாங்கியாயிற்று. மூ.க. சரியாகிவிட்டது.

அலமாரியை இறக்கினோம். நானும் பாவாயியும். பா. இங்கே வேலைக்கு வந்து பதினொரு வருடம். எழுத்துத் தெரியாது. படம் இருந்தால் நின்று பார்ப்பாள். அதற்காக வேலை நிற்கும். நான் கண்டிப்பேன். மறுபடியும் பார்ப்பாள்.

கடல்கதையைத் துடைக்கும்போது கேட்டாள். “ஏனுங்கம்மா, இந்த ரெட்டைச் சடைப் புள்ள ஆருங்க? எல்லாப் பக்கத்துலயும் நிக்குது.”

கதை சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. காலையிலிருந்து யாரிடமும் பேசாத தொண்டை. ஆரம்பித்ததும் நிற்கவில்லை. புயல். வேதவல்லியின் அப்பா படகோடு காணவில்லை. அளவெடுக்க வந்த சர்வேயர் ஒருவன், அவள் மேல் பிரியம் உள்ளவன், அவனையும் காணவில்லை. விளக்கு ஏற்ற ஆள் இல்லை. ஊரே இருட்டில் நிற்கும்போது உச்சியில் தானாக வெளிச்சம். கடைசி அத்தியாயத்தில் வேதவல்லி படியேறுகிறாள். கடைசி வளைவு. மேலே யாரோ இருமும் சத்தம்.

“அப்பறம்?”

“அவ்வளவுதான். கடைசித் தாள் இல்லை.”

“அக்கட்ட மேல ஆருதானுங்க இருந்தது?”

“தெரியாது.”

“ஆரு எடுத்தா தாள?”

“ஒருத்தி.”

“அடப் பாவமே. கதையோட உசுரையில்ல உருவிட்டுப் போயிருக்கா” என்று துணியை உதறினாள்.

அந்த ஒருத்தியின் பெயரை இந்தக் குறிப்பேடுகள் எதிலும் எழுதியதில்லை. எழுதுகிறேன். ருக்மணி. இளம்பிள்ளை. நெசவுக்காரர் மகள். கான்வென்ட்டில் சம்பளம் கட்டாமல் இலவசமாகப் படித்தாள். விடுதியில் எனக்கு அடுத்த கட்டில்.

விடுதியில் தமிழ் வாரப் பத்திரிகைக்குத் தடை. அம்மா முறுக்கு டப்பாவின் அடியில் வைத்து அனுப்புவார். இருவரும் போர்வைக்குள் படிப்போம். அவள் என்னைவிட வேகம். பக்கத்தின் கீழே வந்து எனக்காகக் காத்திருப்பாள். உச்சியில் வெளிச்சம் வந்த இதழ் எட்டாம் வகுப்பு முழுத் தேர்வுக்கு முந்தின வாரம் வந்தது. மேலே யார் என்று பந்தயம். நான் அப்பா என்றேன். அவள் சர்வேயர் என்றாள். பந்தயப் பொருள் ஒன்றும் இல்லை. ஜெயித்தவள் சொன்னதுதான் சரி, அவ்வளவே.

விடுமுறையில் எனக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டில் படிக்கக் கூடாது, கண் போய்விடும் என்பார்கள். கடைசி இதழ் வீட்டுக்கு வந்தும் எனக்குக் காட்டவில்லை. எங்கள் ஊர் இளம்பிள்ளைக்குப் போகும் வழி. ருக்மணி பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் நின்று என்னை விசாரித்தாள். உள்ளே விடவில்லை. கேட்டாள் என்று அம்மா அந்த இதழைக் கொடுத்தார். மூன்றாம் நாள் திருப்பித் தந்தாள். பிறகு அம்மா வருடக் கணக்கில் சேர்ந்த இதழ்களைக் கிழித்து அடுக்கி, செவ்வாய்ப்பேட்டை பைண்டரிடம் கொடுத்தார். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்தபோது புத்தகம் தயார். அட்டையில் தங்க எழுத்தில் என் பெயர். கடைசித் தாள் இல்லை.

வேறு யார் கைக்கும் அந்த இதழ் போகவில்லை.

மீதியை நாளை எழுதுகிறேன். கை வலி.


பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டதை எழுதத்தான் இருந்தேன். அதற்குள் இது.

பா. புத்தகங்களை மாடியில் வெயிலில் பரப்பினாள். நான் நாற்காலியில் குடையோடு. அம்மாவின் பைண்டு ஒன்று உண்டு. அதே பத்திரிகையில் வந்த கோயில் யாத்திரைக் கட்டுரைகள். அம்மா இறந்தபின் டிரங்குப் பெட்டியோடு வந்தது. நான் ஒருநாளும் திறந்ததில்லை. பிழை மலிந்த பக்திக் கட்டுரை என்று ஒரு எண்ணம்.

பா. அதைப் புரட்டிக்கொண்டு நின்றாள். வழக்கம்போல வேலை நின்றது.

“ஏனுங்கம்மா, அந்த ரெட்டைச் சடைப் புள்ள இந்தச் சாமி புஸ்தகத்துலயும் நிக்குதுங்களே. இது எந்த ஊருக் கோபுரமுங்க? உச்சீல வெளக்கு எரியுது.”

வாங்கிப் பார்த்தேன்.

தாளின் ஒரு பக்கம் கடல்கதையின் கடைசிப் பக்கம். மறுபக்கம் அந்த வார யாத்திரைக் கட்டுரையின் தொடக்கம். எல்லா வாரமும் இரண்டும் தனித்தனித் தாளில் வரும். கடைசி வாரம் மட்டும் கதை ஒரு பக்கத்தில் முடிந்து, அதன் முதுகில் கோயில் வந்திருக்கிறது. ஒரு தாள், இரண்டு புத்தகம். அம்மா கோயில் பக்கத்தை எடுத்துக்கொண்டார். கடல் பக்கத்தின் மேல் பென்சிலால் மெல்லிய குறுக்குக் கோடு. வேண்டாத பக்கத்தில் எல்லாம் அப்படிப் போடுவது அவர் பழக்கம்.

நான் படிக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் கையால் மூடிவிட்டேன். பா. “வெயில் கண்ணக் கட்டுதுங்களா?” என்று குடையைச் சரித்தாள்.

அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. அதை இப்போதுதான் உணர்கிறேன். இன்னொரு முப்பது வருடம் இருந்தார். ஒருமுறைகூட “கடைசித் தாள் எங்கே அம்மா?” என்று கேட்கவில்லை. ருக்மணிதான் என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டேன்.


பிப்ரவரி 14, சனி

மேகம். மழை இல்லை.

எழுதிவிடுகிறேன்.

ஜூன். விடுதி திறந்த முதல் நாள். சாப்பாட்டு மண்டபம். ருக்மணி வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தாள். “விசாலா, முடிவச் சொல்லட்டா?” முகம் எல்லாம் சிரிப்பு. நான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி: “திருடின வாயால எனக்குக் கதை வேண்டாம்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. தாளைக் கிழித்துக்கொண்டாய் என்றேன். இல்லை என்றாள். நான் மறுபடியும் திருடி என்றேன். எண்பது பிள்ளைகள். சிஸ்டர் வந்தார். அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தாள் இல்லை. ஆனால் துணிக்கடியில் வாரப் பத்திரிகைகள் இரண்டு. நான் படிக்கக் கொடுத்தவை. மேல் மூலையில் அம்மாவின் பெயரெழுத்து இருந்த இடத்தை யாரோ கிழித்திருந்தார்கள். யாரோ என்ன, அவள்தான். எனக்காக.

“யாருடையது?”

“என்னுதுங்க சிஸ்டர்.”

நான் பக்கத்தில் நின்றேன். பேசவில்லை.

சம்பளமில்லாமல் படிக்கும் பிள்ளை, விதியை மீறியவள். மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால். அதோடு சரி.

புத்தகத்தில் தாள் இல்லை என்பதாவது அன்று எனக்குச் சாக்காக இருந்தது. பத்திரிகை விஷயத்தில் அதுவும் இல்லை. பதிமூன்று வயதிலேயே எனக்குத் தெரியும், அவை என்னுடையவை.


பிப்ரவரி 15, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகன் தொ.பே. ஞாயிறு 11 மணி, எப்போதும்போல். “குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்கம்மா.” அலமாரியைத் தட்டினேன், தூசி என்றேன். நாலு நிமிடம் பதினொரு வினாடி. கைபேசி கணக்குச் சொல்கிறது, நான் கேட்காமலே.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் நாற்காலியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் புத்தகம் படிக்காதவர். ஆனால் எந்த ஊருக்கு எங்கள் லாரி போனாலும் டிரைவர் அந்த ஊர் வாரப் பத்திரிகை ஒன்று வாங்கி வர வேண்டும் என்பது உத்தரவு. “எங்க ஊட்டுல ஒரு புஸ்தகப் பூச்சி இருக்குதப்பா.” அவரிடம்கூட நான் ருக்மணியைப் பற்றிச் சொன்னதில்லை.


பிப்ரவரி 16, திங்கள்

கடிதம். நான்கு முறை எழுதினேன்.

முதலாவது: மிக நீளம். இரண்டாவது: “நேர்ந்த தவறுக்கு” என்று இருந்தது. தவறு தானாக நேரவில்லை. மூன்றாவது: நல்ல நடை. வெட்கமாக இருந்தது, கிழித்தேன். நான்காவதைப் பா. பார்த்துவிட்டாள்.

“ஆருக்குங்கம்மா?”

“அந்த ஒருத்திக்கு.”

“இருக்காங்களா இன்னம்?”

இருக்கிறாள். மகன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க இளம்பிள்ளை போனபோது ஒரு கடைப் பலகையில் அவள் பெயரும் அவள் அப்பா பெயரின் முதல் எழுத்தும். உள்ளே தலை நரைத்த ஒருத்தி சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். அந்தக் கழுத்துச் சாய்வு எனக்குத் தெரியும். காரை நிறுத்தச் சொல்லவில்லை. திருடியின் கடையில் எடுக்க மாட்டேன் என்று நினைத்தேன். அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

பா. சொன்னாள்: “கடுதாசி எல்லாம் எதுக்குங்க? கடுதாசியத் திட்ட முடியுமா அவங்க? நேர்ல போனீங்கன்னா நல்லா நாலு வார்த்தை கேப்பாங்க, மனசு ஆறும்.”

“யார் மனசு?”

“அவங்க மனசுதானுங்க. உங்குளுத ஆரு கேட்டா?”

பதினொரு வருடத்தில் இவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கண்டிக்கவும் தோன்றவில்லை.


பிப்ரவரி 18, புதன்

கா. 8 மணிக்கு வாடகைக் கார். திருச்செங்கோடு, சங்ககிரி வழி. “நானும் வாரேனுங்கம்மா” என்றாள் பா. வேண்டாம் என்றேன். அம்மாவின் பைண்டு மடியில். அந்தத் தாளின் மேல் வெள்ளைக் காகிதம் வைத்து, நாலு மூலையிலும் ஊசி குத்தி மூடியிருக்கிறேன். இன்னும் படிக்கவில்லை.

பிறந்த ஊரைத் தாண்டியபோது டிரைவர் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

இளம்பிள்ளை முழுக்கத் தறிச் சத்தம். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் மருமகள் கைபேசியை ஒரு கம்பத்தில் மாட்டி, சேலையைத் தோளில் போட்டு, யாரும் இல்லாத அறையில் “வணக்கம் சகோதரிகளே, இந்தக் கலர் ஒரு பீஸ்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ருக்மணி பிளாஸ்டிக் நாற்காலியில். மடித்த சேலைகளை விரலால் தடவி, பழுது இருந்தால் தனியே வைக்கிறாள். கண்ணால் அல்ல, விரலால்.

“வாங்க. கல்யாணச் சேலைங்களா?”

“ருக்மணி, நான் விசாலாட்சி.”

விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காருங்க” என்றாள். மருமகளிடம், “கண்ணு, தண்ணி கொண்டா. பெரிய ஊட்டு அம்மா வந்திருக்காங்க.”

ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “தாள் கிடைச்சிருச்சு” என்றேன்.

எந்தத் தாள் என்று அவள் கேட்கவில்லை. “எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்ல. எங்கம்மா புஸ்தகத்துல.”

அடுத்த சேலையை எடுத்துத் தடவ ஆரம்பித்தாள். நான் சொன்னேன். தாளின் இரண்டு பக்கம், அம்மாவின் பென்சில், பத்திரிகை, நான் நின்றது. முழுவதும். மருமகள் கைபேசியை நிறுத்திவிட்டு நின்றாள்.

“எங்கப்பன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசலீங்க” என்றாள் ருக்மணி, சேலையைப் பார்த்தபடி. “ஊட்டுக்கு வந்து, பொட்டிய எறக்கி வெச்சிட்டு, ‘எடுத்தியா சாமி?’ன்னு ஒருக்காத்தான் கேட்டாரு. இல்லீங்கப்பான்னேன். செரின்னாரு. அவரு நம்புனாரா நம்பலியான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. செத்து முப்பத்தஞ்சு வருசமாச்சு.”

மன்னித்துவிடு என்றேன். காதுக்கே கேட்காத குரல்.

“எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகும்? நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு அங்க எத்தன பேரு இருந்தாங்க?”

“எண்பது பேர்.”

“அப்ப எம்பது பேரு முன்னால சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொன்னேன். வருவாயா என்றேன். “நாமக்கல்லுக்கா? முட்டி ஒத்துக்காதுங்க.”

பிறகு படித்தாயா என்று கேட்டேன். தறியில் உட்கார்ந்தவளுக்குப் படிக்க ஏது நேரம் என்றாள். ஆனால் பிள்ளைகள் மூன்று பேரும் கடல்கதை கேட்டுத்தான் சோறு தின்றார்களாம். மருமகள் இடையில் புகுந்தாள். “எங்கூட்டுக்காரரு எம்புள்ளைக்கும் அதேதாங்க சொன்னாரு. அந்தப் புள்ள படியேறிப் போகும், மேல பாத்தா அங்க...”

“நீ சும்மா இரு” என்றாள் ருக்மணி. “இவங்க படிக்காம வெச்சிருக்காங்க.” வெள்ளைக் காகிதத்தையும் ஊசியையும் அவள் முன்பே கவனித்திருக்கிறாள்.

“நீ சொல்லேன்” என்றேன்.

“அன்னைக்கே சொல்லட்டான்னு கேட்டனுங்க. வேண்டாம்னீங்க.”

வாசல் வரை வரவில்லை. மருமகள்தான் வந்து என் எண்ணை வாங்கிக்கொண்டாள். மா. 3 மணிக்கு வீடு. பா. சோற்றைப் போட்டு வைத்தாள்.


பிப்ரவரி 20, வெள்ளி

ஆங்கில நாவல் குறிப்பைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதவும் இல்லை.

மாடியில் உலர்ந்த புத்தகங்களை அடுக்கினோம். கடல்கதையையும் யாத்திரையையும் பா. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பா. போனபின் ஒரு யோசனை: உடம்பு சரியில்லை என்று செயலாளரிடம் சொல்லிவிடலாம். கைபேசியை எடுத்தேன். அதில் மணி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வைத்தேன். யாருக்காக நடித்தேன்? வீட்டில் ஆள் இல்லை.


பிப்ரவரி 22, ஞாயிறு

வெள்ளை ரவிக்கை. கொக்கி தைத்தாயிற்று.

நூலக மாடி. நாற்காலி நாற்பது, ஆட்கள் இருபத்து மூன்று. முன்வரிசை ஓரத்து நாற்காலியில் என் பையை வைத்தேன், ஒருவேளை வந்தால் என்று. ஒவ்வொரு தடவை படிக்கட்டில் காலடி கேட்கும்போதும் பார்த்தேன். தேநீர்க்காரர், தாமதமாக வந்த ஒரு வங்கி மேலாளர், செயலாளரின் மனைவி. பை அங்கேயே இருந்தது.

என் முறை. என்னை வாசகியாக்கியது ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்றேன். செயலாளர் முகம் கொஞ்சம் தொய்ந்தது. அதைப் படிக்க எனக்கு ஒரு துணை இருந்தாள் என்றேன். பக்கத்தின் கீழே எனக்காகக் காத்திருந்தவள். பெயர், ஊர் சொன்னேன். அவள் எடுக்கவில்லை, நான் பொய்யாகத் திருடி என்றேன், பத்திரிகை என்னுடையது, நான் வாயைத் திறக்கவில்லை, அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வாக்கியங்கள் சிறியவை. ஏழு நிமிடம்.

கைதட்டினார்கள்! செயலாளர் ஒலிபெருக்கியில், “அம்மா அவர்களின் மலரும் நினைவுகள் அருமையிலும் அருமை” என்றார். நான் எழுந்து, “ஐயா, அது மலரும் நினைவு அல்ல. நான் செய்த குற்றம்” என்றேன். அவர் தலையாட்டி, சிரித்து, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். வெயில் காலத்தில் பொன்னாடை.

ஒரு பெண் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசகர் வட்டக் குழுவில் போடுவார்களாம். போடட்டும்.

தனியாக ஆட்டோவில் வீடு. பொன்னாடை பாவாயிக்கு.

தாள் இன்னும் மூடித்தான் இருக்கிறது. தனியே படிக்க வரவில்லை.


பிப்ரவரி 24, செவ்வாய்

காலை கொஞ்சம் பனி. வாழைக்காய், கத்தரி, தயிர். பால்காரரிடம் அரை லிட்டர் குறைக்கச் சொல்ல வேண்டும்.

10.20க்குத் தொ.பே. தெரியாத எண். பின்னணியில் தறிச் சத்தம். மருமகள்.

“அம்மா, உங்க வீடியோவ எங்க சேலைக் குரூப்புல ஆரோ போட்டிருந்தாங்க. அத்தைக்குப் போட்டுக் காட்டுனேன். எங்க தாத்தா படத்துக்குக் கீழ கொண்டு போயி வெச்சு இன்னொருக்கா போடச் சொன்னாங்க. தாத்தான்னா, அத்தையோட அப்பாங்க. அவரு படத்துக்கிட்ட. சத்தமா வெக்கச் சொன்னாங்க.”

கைபேசியைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“இருங்க, அத்தை பேசறாங்களாம்.”

மூச்சு. பிறகு அவள் குரல். “எம்மருமவ எண்ணிப் பாத்தா. இருவத்தி மூணு பேருதான் இருக்காங்க. நான் எம்பதுன்னேன்.”

“மீதிப் பேரை எங்கே பிடிக்கிறது ருக்மணி? பாதிப் பேர் போயிட்டாங்க.”

“அது உம்பாடு.” பிறகு, “தாளப் படிச்சியா?”

“இல்ல.”

“கையில இருக்குதா?”

“இருக்கு.”

“அப்ப படி. நான் கேக்கறேன். இரு...” அவள் அங்கே யாரிடமோ உரக்கச் சொன்னது கேட்டது. தறி ஒன்று நின்றது. இன்னொன்று. அந்தப் பக்கம் முழு அமைதி. “ம். படி.”

நாலு ஊசியையும் எடுத்தேன். ஒன்று விரலில் குத்தியது. அம்மாவின் பென்சில் கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. ஒரே பக்கம், அதிலும் பாதி படம். பா. துடைப்பத்தோடு கதவருகே வந்து நின்றாள். சிஸ்டர் சொல்லித் தந்தபடி, காற்புள்ளியில் நிறுத்தி, உரக்கப் படித்தேன். பதினாறு வரி. மேலே இருந்தவர் அப்பாதான். படகு கவிழ்ந்து, நீந்தி வந்து, யாருக்கும் சொல்லாமல் விளக்கேற்றிவிட்டு அங்கேயே கிடந்திருக்கிறார். சர்வேயர் மறுவாரம் ரயிலில் வந்து இறங்குகிறான். கடைசி இரண்டு வரியில் கல்யாணம். முற்றும்.

“அவ்ளோதானுங்களா?” என்றாள் பா., கதவருகிலிருந்து.

தொடர்பு போய்விட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன்.

“சப்புனு முடிச்சிட்டான்ல?” என்றாள் ருக்மணி. “அப்பவே எனக்கு அழுவாச்சியா வந்துச்சு. ஆனா உங்கிட்ட சொல்லோணும், சொல்லோணும்னு லீவு பூராம் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். அன்னைக்கு அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன் விசாலா. நாந்தான் தோத்தேன். நீ சொன்னதுதான் செரி.”